மிஷினுக்குத் தம்பி கிடையாது

"பிரவுசர் இருந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை சூடாகிறது. அப்படிச் சொல்பவர் எப்போதும் ஏசி அறையில்தான் உட்கார்ந்திருப்பார். முன்னால் பெரிய திரை, பக்கத்தில் காபி, மின்சாரம் போனால் தானாக உறுமும் ஜெனரேட்டர். அந்த அறையிலிருந்து பார்த்தால் உலகமே ஒரு வலைப்பக்கம்தான், மனிதர்கள் எல்லாரும் பொத்தான் அழுத்தப் பிறந்தவர்கள்தான்.

நான் கணினிகளைப் பராமரிக்கிறவள். வீடு செங்கல்பட்டில். சென்னைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, புதுப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களில், ஊருக்கு ஒரு கணினிப் பெட்டி வைத்திருக்கிறோம். பெட்டி வலை பின்னும் கூடத்தில் இருக்கும். வெளியே ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒலிபெருக்கி. கடல் வானிலைச் செய்தியைப் பெட்டி தானே வாங்கிக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் ஊருக்குச் சொல்லும். காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், நாளைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் படகைத் தள்ளுவார்கள்.

அந்தக் குரல் என்னுடையது. முதலில் சென்னையில் யாரோ ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசித்தார், குப்பத்தில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. நான் அங்கே ஒரு குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் மைக்கை என் முன்னால் நகர்த்தினார்கள். எண்கள், காற்றின் பெயர்கள், 'போலாம்', 'போவக் கூடாது' என்று துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தேன். பெட்டி அவற்றைக் கோத்துப் பேசிக்கொள்ளும். என் தம்பி இன்னமும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறான். ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறான்.

முன்பெல்லாம் பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் பஸ் ஏறிப் போவேன். கூடத்திலேயே ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு இருக்கும். கறுப்புத் திரையில் அது ஒரு வரி கேட்கும், நான் ஒரு வரி பதில் சொல்வேன். புதிதாக இயங்குதளம் ஏற்றுவதென்றாலும் அப்படித்தான். அழகு இருக்காது, ஆனால் ஒளிவு மறைவும் இருக்காது. எதை அழிக்கப் போகிறது, எதை விட்டுவைக்கப் போகிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்கும்.

போன வருஷம் எல்லாவற்றையும் வலைப்பக்கமாக்கினார்கள். நிர்வாகமும் வலைப்பக்கம், இன்ஸ்டால் செய்வதும் வலைப்பக்கம். எங்கள் மேலதிகாரி கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார், "என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. இதுல அவளே இன்ஸ்டால் பண்ணிடுவா." எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் நான் செய்தது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வேலை என்று ஆகிவிட்டது. சிரிக்காதவள் நான் ஒருத்திதான்.

அதோடு விட்டார்களா? வலைப்பக்கம் இருக்கும்போது பயணம் எதற்கு என்று நான் குப்பங்களுக்குப் போவதை நிறுத்தினார்கள். பக்கம் இருக்கும்போது திரை எதற்கு என்று கூடங்களிலிருந்த மானிட்டர்களையும் கீபோர்டுகளையும் வண்டியில் ஏற்றி அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு தன்னார்வலரைப் பிடித்து அவருடைய ஃபோனிலேயே பக்கத்தைத் திறக்கக் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு என் தம்பி. "இதுல பச்சை கலர் இருந்தா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பயிற்சி. பச்சைக்குக் கீழேயே, கட்டை விரல் படுகிற இடத்தில், 'நிறுத்து' என்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைத் தன்னார்வலர்கள் திறக்கும் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். "யாரு மேடம் தேவையில்லாம அதை அழுத்தப் போறாங்க?" என்றார்கள்.

அழுத்துகிற நாளும் வந்தது, ஆயுத பூஜையாக.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் வேலை செய்கிற எல்லாப் பொருளுக்கும் அன்றைக்கு ஓய்வு. வலை, துடுப்பு, இன்ஜின், மீன் வெட்டும் கத்தி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு வைத்துவிடுவார்கள். மறுநாள் நல்ல நேரம் வரும்வரை அதைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, புதிதாகத் தொடங்குகிற நாள். படகுக்கு நல்ல நேரம் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடும், எல்லாப் படகும் ஒன்றாகக் கடலில் இறங்கும்.

அன்று மத்தியானம் நான் வீட்டில் பொரியையும் கடலையையும் கலந்துகொண்டிருந்தேன். ஃபோனில் எச்சரிக்கை வந்தது. ராத்திரியிலிருந்து கடல் கொந்தளிக்கும், அலை மிக உயரமாக எழும்பும், நாளைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது. பெட்டிகள் சாயங்காலம் ஊர்களுக்குச் சொல்லிவிடும், ஒன்றும் பயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பக்கத்தைத் திறந்தேன். மற்ற ஊர்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. எங்கள் ஊரைத் தொட்டால் வெள்ளைத் திரை. 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.'

தம்பிக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. அலுவலகத்தில் அன்றைக்கு முறை போட்டிருந்தவரைக் கூப்பிட்டேன். "பேஜ்ல போயி ரீஸ்டார்ட் குடுத்துப் பாருங்க மேடம்" என்றார். பேஜே வரவில்லை என்றேன். "ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்றார். அந்தப் பக்கம் இருப்பதே அந்தப் பெட்டிக்குள்தான் ஐயா, பெட்டி நின்றால் பக்கமும் போச்சு, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தின கதை இது என்று கத்தினேன். "கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டு வைக்கிறேன் மேடம்" என்றார். எனக்கு வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

தம்பியின் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன், எடுத்தாள். நாளைக்குக் கடல் மோசமாக இருக்கும், எல்லாரிடமும் சொல் என்றேன். "அப்டியா? மிஷினு ஒண்ணியும் சொல்லலியே" என்றாள். எல்லாருக்கும் குறுஞ்செய்தியும் வந்திருக்கும். கடன் வேண்டுமா, வட்டி குறைவு என்று வருகிற நூறு குறுஞ்செய்திகளோடு அதையும் எவன் படிப்பான்? நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் ரோடெங்கும் உடைத்த பூசணிக்காய். லாரிகளும் ஆட்டோக்களும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஓய்வாக நின்றன. வழுக்கி விழாமல் போவதே பெரும்பாடாக இருந்தது. வழி முழுவதும் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே போனேன், சத்தமாகவே. ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற?"

"உன் ஃபோனு எங்கடா?"

"சாமிகிட்ட கீதுக்கா. அதுக்கும் பொட்டு வெச்சாச்சி."

"பெட்டி ஏண்டா நின்னு கெடக்குது?"

அவன் முகம் மலர்ந்தது. நல்லது செய்துவிட்டு அதைச் சொல்லக் காத்திருந்தவன் முகம். "நான்தான்க்கா நிறுத்தினேன். பூசை போடறப்போ அது மட்டும் ஓடிகினு இருந்தா நல்லாவா இருக்கும்? வருசம் பூரா நமக்கு ஒழைக்குதே. நல்லா தொடச்சி, சந்தனம் வெச்சி, ஃபோன்லயே நிறுத்திட்டேன். காலைல நல்ல நேரம் பாத்து ஃபோன்லயே ஓட வுட்டுர்லாம்."

அந்த 'ஃபோன்லயே' என்ற வார்த்தையில் நான் உடைந்துபோனேன். ஃபோனில் நிறுத்தியது ஃபோனில் ஓடாது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அந்தப் பொத்தான் சொன்னதா? இனிமேல் நீ நேரில் வந்தால்தான் ஆகும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? அவனை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன்.

கூடத்துச் சாவி நாட்டாரிடம் இருந்தது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அவர், எனக்குப் பெரியப்பா முறை. கூடத்து வாசலில் இன்னும் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பூச போட்டாச்சும்மா. காலைல தொறக்கலாம்" என்றார்.

"காலைல தொறந்து இன்னா பண்றது? அதுக்குள்ள எல்லாரும் நடுக்கடல்ல இருப்பீங்க."

"கடல பாரு. கொளம் மாதிரி கீது. மிஷினு ஒண்ணும் சொல்லல."

"சொல்ற மிஷினத்தான நிறுத்தி வெச்சிருக்கீங்க!" என்று கத்தினேன். "அதுல பேசறது யாரு? நான்தான? நானே நேர்ல வந்து சொல்றேன், போவாதீங்க."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "குரலு உன்துதாம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா நீ தம்பிய நெனச்சி பயந்து ஓடியாந்துகீற. நீ வேணான்னுதான் சொல்லுவ. மிஷினுக்குத் தம்பி கெடையாது."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பு வேறெங்கோ, ஏசி அறையில், விடுமுறை கொண்டாடிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்துவிட்டது. வடக்கே மாமல்லபுரத்து லைட்ஹவுஸின் வெளிச்சம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அதைக் கையைக் காட்டிக் கேட்டேன், "இன்னிக்கி அதுக்கும் பூச போட்டு நிறுத்தச் சொல்லேன் பெரிப்பா. வருசம் பூரா ஒழைக்குதே."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

சாமந்தி மாலையை விலக்கிவிட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க். ஓடுகிறவரை ஓடும், ஒருமுறை நின்றால் சிலது எழுந்திருக்காது. இயங்குதளம் இருந்த டிஸ்க் போய்விட்டது. பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க் பிழைத்திருந்தது, அதில்தான் என் குரல் இருந்தது. பேசவைக்கும் நிரலும் அதில்தான். அதிலேயே ஒரு ஓரமாக இயங்குதளத்தை ஏற்ற வேண்டும்.

பென்டிரைவ் எப்போதும் என் பையில் இருக்கும். செருகினேன். இனி இன்ஸ்டாலர் கிளம்பும், தன் வலைப்பக்கத்தின் முகவரியைக் காட்டும். எங்கே காட்டும்? மானிட்டரில். மானிட்டர் எங்கே? அலுவலகத்து ஸ்டோர் ரூமில்.

"திரை வேணும்டா" என்றேன். தம்பி ஒன்றும் கேட்காமல் ஓடினான். வீட்டு டிவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மணலில் தள்ளாடி வந்தான். அதன் நெற்றியிலும் குங்குமம். செட்டாப் பாக்ஸின் ஒயரைப் பிடுங்கிப் பெட்டியில் மாட்டினேன். குங்குமத்துக்குக் கீழே எழுத்து வந்தது: 'தொடர, இந்த முகவரியை வேறொரு கருவியில் திறக்கவும்.' இத்தனை பெரிய திரை எதிரில் இருக்கிறது, இதிலேயே கேட்டுத் தொலைத்தால் என்ன? இல்லை, வேறொரு கருவி வேண்டுமாம். கூடத்து வைஃபையில் என் ஃபோனிலேயே திறந்தேன்.

லேப்டாப்புக்கென்று செய்த பக்கம் அது. ஃபோனில் 'அடுத்து' பொத்தான் திரைக்கு வெளியே போய் நின்றது. நேர மண்டலத்துக்கு ஓர் உலக வரைபடம், நகத்தளவு. இந்தியாவைத் தொட்டால் இலங்கை வந்தது. நாலு முறை இலங்கைக்குப் போய்த் திரும்பினேன். கடைசியில் டிஸ்க் பக்கம். 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்பதை அதுவே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, நீலமாக, சிரித்த முகமாக. அழுத்தியிருந்தால் என் குரல் மொத்தமும் போயிருக்கும். பிரதி அலுவலகத்தில் இருக்கிறது, ஆனால் அந்தச் சிக்னலில் இறக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும். இருப்பதை விட்டுவை என்கிற வழி எங்கே என்று தேடினால், மூலையில் மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்தது. அழிப்பதற்குப் பெரிய பொத்தான், காப்பாற்றுவதற்கு மூன்று புள்ளி.

அதைத் தொடப் போனபோது ஃபோன் அடித்தது. என் கணவர். "சுண்டலை எங்க வெச்சிருக்க?"

வைத்துவிட்டுப் பார்த்தால் பக்கம் முதலிலிருந்து தொடங்கியிருந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. நான் பல்லைக் கடித்த சத்தம் நாட்டாருக்கே கேட்டிருக்கும். "இன்னாம்மா, பேஜாரு பண்ணுதா?" என்று வாசலிலிருந்து கேட்டார். மறுபடியும் மொழி, மறுபடியும் இலங்கை, மறுபடியும் மூன்று புள்ளி. இந்த முறை ஃபோனில் அழைப்புகளை அடைத்துவிட்டுத்தான் தொட்டேன். பெட்டி மெதுவாக எழுதத் தொடங்கியது. டிவியில் ஒரு கோடு நகர்வதைத் தம்பியும் நானும் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நன்றாக இருட்டிய பிறகு கம்பத்தில் கரகரப்புக் கேட்டது. பிறகு நான் பேசினேன். பெட்டிக்குள்ளிருந்த நான், பதற்றமே இல்லாமல், யாருக்கும் அக்காவாக இல்லாமல். "கவனிங்க. நாளைக்கி அலை ரொம்ப ஒசரமா இருக்கும். கடலுக்குப் போவக் கூடாது. படகை மேல ஏத்தி வைங்க."

நாட்டார் எழுந்து வேட்டியை உதறினார். "மிஷினு சொல்லிட்ச்சி. டிராக்டர எடுங்கடா."

அதே வார்த்தையைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் படகுகள் ஒவ்வொன்றாக மேட்டுக்கு ஏறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தம்பியின் படகு மூன்றாவதாக ஏறியது.

ராத்திரி அங்கேயே தங்கினேன். விடிந்தபோது கடல் கூடத்துப் படி வரைக்கும் வந்து போயிருந்தது. தம்பி படியில் நின்று, படகைத் தள்ளுகிற இடத்தையே பார்த்தான். அங்கே மணலே இல்லை. "எல்லாருக்கும் முன்னாடி எறங்கினவன் நானாத்தான் இருந்திருப்பேன்" என்றான். அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்ததும் அலுவலகத்தில் ஆன்லைன் கூட்டம். மேலதிகாரி ஒரு படம் காட்டினார். எங்கள் ஊர் மறுபடி பச்சையாக இருந்தது. "பாருங்க, ஒரே ஃபோன்ல மொத்த ஓஎஸ்ஸும் ஏத்தியாச்சு. இதுதான் வெப் இன்டர்ஃபேஸோட பவர்" என்றார். ஸ்கூட்டரில் போனதைச் சொன்னேன். டிவியைச் சொன்னேன். மூன்று புள்ளியைச் சொன்னேன். மானிட்டர்களைத் திருப்பிக் கொடுங்கள், அந்தச் சிவப்புப் பொத்தானை எடுங்கள் என்றேன். "சிஸ்டத்துல எந்தத் தப்பும் இல்ல. யூசர் எரர். அந்த யூசரோட லாகினை எடுத்துடலாம்" என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இங்கே மேடை போட்டவரே ஆடுகிறவளின் காலைக் குறை சொன்னார். எனக்கு நாக்குத் துடித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்குவதற்குள் நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

தன்னார்வலர்கள் எல்லாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தம்பி கரையில் நின்றுகொண்டு ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உடனே என்னைக் கூப்பிட்டான்.

"யக்கா, அவுரு சொன்ன அந்த யூசரு நான்தான?"

"வுடுடா, அவனுங்க கெடக்கறானுங்க."

"இல்லக்கா. நான் நல்லதுன்னு நெனச்சித்தான்..." என்று நிறுத்தினான். பிறகு அவனே பேச்சை மாற்றினான். "டிவிய கூடத்துலயே வுட்டுட்டேன்க்கா. மிஷின்லயே மாட்டிகினு கீது."

"வூட்ல கொயந்தைங்களுக்கு?"

"பக்கத்து வூட்ல போயி பாக்குதுங்க. மிஷினு இன்னா சொல்லுதுன்னு பாக்கறதுக்கு ஒரு தெர வேணும்ல."

அலுவலகத்து ஸ்டோர் ரூமில் எங்கள் ஊர் மானிட்டர் தூசி படிந்து கிடக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போகிறேன்.